நிலாக் காட்சி வரைந்தேன், சரியா வரலை: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

வாரக்கடைசியில் பெரியவர்களுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு இருபது முப்பது வருஷம் கழித்து பிரஷ் பிடிக்க வருகிறவர்கள். யாரும் சொல்லாமலேயே முதல் இரண்டு மாதத்துக்குள் எல்லோரும் ஒரு நிலாக் காட்சி வரைந்து எடுத்து வந்துவிடுவார்கள். கண்மாய் ஒன்று, கரையில் நாலு பனை, ஓரமாக ஓட்டு வீடு, மேலே பௌர்ணமி. நீட்டிவிட்டு "எப்படி இருக்கு சார்" என்பார்கள். முன்பெல்லாம் "நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் ஆழம் வேணும்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அதைக் கேட்டு ஒருவரும் எதையும் திருத்தியதில்லை. எப்படித் திருத்துவார்கள், ஆழம் எந்தக் கடையில் கிடைக்கும்?

அதனால் இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். படத்தில் என்ன கோளாறு தெரிகிறது, அதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம், காசும் நேரமும் செலவாகாத காரணம் எது, அதை முதலில் பார். அது இல்லையென்றால் அடுத்தது. கோளாறுகள் ஏழெட்டுதான், திரும்பத் திரும்ப அவையேதான் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை வரைவதில் வந்த தப்பும் இல்லை, கறுக்க வேண்டிய இடத்தைக் கறுக்காமல் விட்டதால் வந்தவை. உங்கள் படத்தில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படியுங்கள்.

## எதையும் தொடுவதற்கு முன்

முதலில் படம் காயட்டும். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாட்டர் கலர் காய்ந்தால் வெளுக்கும், அக்ரிலிக் காய்ந்தால் கறுக்கும், போஸ்டர் கலரில் வெளிர் நிறங்கள் கொஞ்சம் கறுத்து அடர் நிறங்கள் கொஞ்சம் வெளுத்து இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கி வந்து நிற்கும். நேற்று ராத்திரி அருமையாக இருந்த வானம் காலையில் சப்பென்று ஆனதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

காய்ந்த பிறகு போனில் ஒரு படம் எடுத்து, எடிட்டில் போய்க் கருப்பு வெள்ளை ஆக்குங்கள். அதைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். இந்த ஒரு சோதனைதான் கீழே முக்கால்வாசி இடத்தில் வரப்போகிறது. ஒரு கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள்: முழுக் கருப்பு 1, தாளின் வெள்ளை 10. நிலாக் காட்சியில் நான் எதிர்பார்ப்பது ஏறத்தாழ இப்படி. நிலா 10, தண்ணீரில் மின்னல்கள் (நிலவொளி பட்டு மின்னும் கீற்றுகள்) 8, நிலாவை ஒட்டிய வானம் 5, மூலைகளில் வானம் 3, தூரத்துக் கரை 2 அல்லது 3, கிட்டத்து மரமும் கரையும் 1 அல்லது 2. நிலவு பட்ட ஓட்டுக்கூரைகூட 5ஐத் தாண்டக் கூடாது. இது சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் இதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறீர்கள் என்று பார்த்தாலே நோய் தெரிந்துவிடும்.

கடைசியாக, படத்தைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். பனை, வீடு என்று பெயர் சொல்லிப் பழகிய கண் ஏமாந்துபோய் வெறும் கறுப்பு வெள்ளைத் திட்டுகளாகப் பார்க்கும்.

## "நிலா இருக்கு, ஆனா பகல் மாதிரி இருக்கு"

அதிகம் வருவது இதுதான். பார்த்தால் பகல் காட்சிக்கு நீலக் கண்ணாடி மாட்டினது போல இருக்கும்.

முதல் சந்தேகம்: உங்கள் கருப்பு கருப்பே இல்லை. ஒரு துண்டு கருப்புத் தாளை உங்கள் படத்தில் மிக அடர்த்தியான இடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரிந்தால், 4இல் நின்றுகொண்டு அதை 1 என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். புதிதாக வரைகிறவர்களுக்குக் கருமை மேல் ஒரு பயம் உண்டு, தாள் பாழாகிவிடுமோ என்று. கிட்டத்துக் கரையையும் ஒரே ஒரு பனையையும் மட்டும் துணிந்து 1க்கு இறக்கிப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

அது இல்லையென்றால்: நிறங்கள் சத்தம் போடுகின்றன. புல் பச்சையாக, ஓடு சிவப்பாக, மரத்தண்டு பழுப்பாக இருந்தால் எவ்வளவு கறுத்தாலும் அது சாயங்காலம்தான். பௌர்ணமி அன்று மொட்டைமாடி விளக்கை அணைத்துவிட்டு, போனையும் பார்க்காமல், ஒரு இருபது இருபத்தைந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். கண் பழகின பிறகு தொட்டியில் இருக்கிற செம்பருத்தியைப் பாருங்கள். பகலில் இலையைவிடப் பளிச்சென்று இருந்த பூ, இப்போது இலையைவிடக் கறுப்பாகத் தெரியும். ராத்திரியில் முதலில் சாகிற நிறம் சிவப்பு. ஏன் என்கிற ஆராய்ச்சி இங்கே வேண்டாம், அப்படித்தான் கண் வேலை செய்கிறது. ஆகவே ஓட்டில் சிவப்பு ஒரு வாசனை அளவுக்கு இருந்தால் போதும், பச்சை சாம்பல் நீலமாகிவிட வேண்டும்.

திருத்துவது எப்படி என்றால், அக்ரிலிக்காக இருந்தால் எளிது. அல்ட்ராமரைன் நீலத்தோடு கொஞ்சம் பர்ன்ட் அம்பர் என்கிற அடர் பழுப்பைக் கலந்து, பால் மாதிரி இல்லாமல் டீத்தண்ணி மாதிரி நீர்த்து, நிலாவையும் தண்ணீர் மின்னலையும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றின் மேலும் ஒரு மெல்லிய பூச்சு. காயட்டும், போதாவிட்டால் இன்னொன்று. நன்றாகக் காய்ந்த வாட்டர் கலரிலும் இதைச் செய்யலாம், மெத்தென்ற பிரஷ்ஷால், ஒரே இழுப்பில். போஸ்டர் கலரில் செய்யாதீர்கள். அடியில் இருக்கிற பூச்சு மறுபடி கரைந்து எழுந்து வந்து எல்லாம் சேறாகிவிடும். அதில் அந்தப் பகுதியைக் கெட்டியாகத் திரும்ப அடிப்பதுதான் வழி.

இரண்டும் இல்லையென்றால் வெளிச்சம் வரும் திசை தப்பாக இருக்கும். கீழே வீட்டின் முகம் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

## "எல்லாம் ஒரே கருப்பு, ஒண்ணும் தெரியலை"

மேலே சொன்னதற்கு நேர் எதிர். ட்யூபிலிருந்து கருப்பை அப்படியே எடுத்து வானம், மரம், தண்ணீர் எல்லாவற்றிலும் கலந்திருப்பீர்கள்.

முதலில் படத்தை வெயில் வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்ப் பாருங்கள். மங்கலான அறையில் வரைந்தால் எல்லாமே கறுப்பாகத் தெரியும், வெளியே வந்தால் உள்ளே நிறைய இருக்கும். செலவில்லாத சோதனை.

அப்படியும் இருட்டு என்றால், சுருக்கின கருப்பு வெள்ளைப் படத்தில் வானம், தூரத்துக் கரை, கிட்டத்து மரம் மூன்றும் தனித்தனியாகப் பிரிகிறதா என்று பாருங்கள். பிரியவில்லையென்றால் வானத்தைத்தான் தூக்க வேண்டும். நிலா இருக்கிற ராத்திரியில் பெரும்பாலும் வானம் தரையைவிட வெளிச்சம், இதை மறந்துவிட்டுத்தான் எல்லோரும் வானத்தைத் தார் ஊற்றின மாதிரி அடிக்கிறார்கள். அக்ரிலிக்கிலும் போஸ்டரிலும் வானத்தின் மேல் 4, 5 அளவு நீலச்சாம்பலை நிலாவிலிருந்து தொடங்கி மூலை நோக்கி இழுத்துவிடலாம். வாட்டர் கலரில் ஈரப் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து டிஷ்யூவால் ஒற்றி எடுக்கலாம், ஆனால் எந்த நீலம் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. அல்ட்ராமரைன் ஓரளவு எழுந்து வரும், பிரஷ்யன் புளூ தாளிலேயே ஊறிப்போய் உட்கார்ந்திருக்கும். பிரஷ்யன் புளூ போட்டவர்கள் புதுத் தாள் எடுப்பதே மலிவு, அதோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிப் பொத்தல் விழுந்த தாள்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அடுத்த முறை கருப்பு ட்யூபை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் சேர்ந்தால் வரும் கருமைக்கு ஒரு உயிர் இருக்கும், நீலத்தைக் கூட்டினால் குளிரும், அம்பரைக் கூட்டினால் சூடு ஏறும்.

## "நிலா ஒளிரவே இல்லை, ஒட்டவெச்ச பொட்டு மாதிரி இருக்கு"

இதற்காகவும் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள், எனவே கொஞ்சம் விரிவாக.

எல்லோரும் முதலில் செய்வது, இன்னும் கொஞ்சம் வெள்ளை. அதன் மேல் இன்னும் கொஞ்சம். ஒரு அக்கா நிலா மேல் வெள்ளையை அடுக்கி அடுக்கி, கடைசியில் கையால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு மேடே கட்டிவிட்டார். ஆனாலும் ஒளிரவில்லை. தாளின் வெள்ளைக்கு மேல் உலகத்தில் எந்த ட்யூபும் பெரிதாக எதையும் தரப்போவதில்லை. உண்மையான நிலாவின் மண்கூடத் தார்ச்சாலை அளவுக்குத்தான் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, விழுகிற ஒளியில் சுமார் 12 சதவீதம். அது வெள்ளித்தட்டாகத் தெரிவது சுற்றியிருக்கிற வானம் அவ்வளவு கறுப்பு என்பதால். அக்காவிடம் நிலாவைத் தொடாமல் மூலைகளை மட்டும் இரண்டு படி இறக்கச் சொன்னேன், அரை மணி நேரத்தில் நிலா எரிந்தது.

ஆக முதல் சோதனை: நிலாவுக்கு அடுத்து படத்தில் வெள்ளையாக எது இருக்கிறது? மேகத்தின் விளிம்பு, வீட்டுச் சுவர், படகு, நட்சத்திரம், கையெழுத்து, எதுவாக இருந்தாலும் அதை இறக்குங்கள். 10 என்பது படத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது: அளவு. நாணயத்தை வைத்து வட்டம் போட்டீர்களா? போட்டிருப்பீர்கள். கையை முழுக்க நீட்டிச் சுண்டுவிரலை நிலாவுக்கு நேராகப் பிடியுங்கள், விரல் நிலாவை முழுசாக மறைத்துவிட்டு இன்னொரு நிலாவுக்கும் இடம் வைத்திருக்கும். வானத்தில் நிலாவின் அகலம் அரை டிகிரிதான். கண்மாயும் கரையும் வீடும் அடங்கிய ஒரு காட்சி ஏறக்குறைய 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 42 செ.மீ. அகலமுள்ள ஏ3 தாளில் நிலா 5 மி.மீ.கூட வராது, மிளகு அளவு. நம் மனசுக்கு அது பெரிதாகத் தெரியும் என்பதால் பட்டாணி வரை நான் ஒப்புக்கொள்வேன். நாணயம் அளவு நிலா வந்தால் பின்னால் இருக்கிற மலை மணல்மேடாகிவிடும், கண்மாய் குட்டையாகிவிடும்.

மூன்றாவது: விளிம்பு. கத்தியால் வெட்டின மாதிரி ஒரே சீரான விளிம்பாக இருந்தால் ஒட்டவைத்தது போலத்தான் தெரியும். அக்ரிலிக்கில், வானம் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த பிரஷ்ஷால் நிலாவின் ஒரு பக்க விளிம்பை மட்டும் லேசாகத் தட்டிவிடுங்கள். சுற்றி முழுக்க மங்கலாக்கிவிட வேண்டாம், பிறகு அது பஞ்சுமிட்டாய். ஒரு பக்கம் கூர்மை, ஒரு பக்கம் மெத்து, அல்லது ஒரு கீற்று மேகம் குறுக்கே.

நான்காவது: நிறம். டைட்டானியம் ஒயிட் நேராக வைத்தால் நீல வானத்துக்கு முன் அது குளிர்ந்து போய்த் தாள் மாதிரி நிற்கும். எல்லோ ஆக்கர் என்கிற மண் மஞ்சள் ஒரு ஊசிமுனை அளவு கலந்தால் போதும். அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நிலா என்றால் இன்னும் தாராளமாக, மஞ்சளும் கொஞ்சம் ஆரஞ்சும். அப்புறம் இன்னொன்று, பௌர்ணமி நிலா உதிப்பதே சூரியன் மறைகிற நேரத்தில்தான். தாழ்வாகப் பெரிய முழு நிலாவையும் அதன் பின்னால் நடுராத்திரிக் கருவானத்தையும் வைப்பவர்கள் கவனியுங்கள், சாயங்காலம் கிழக்கில் அந்த நேரத்து வானம் ஊதாவும் சாம்பலுமாக இருக்கும், வரைவதற்கும் அதுதான் சுலபம்.

இந்த நான்கையும் பார்த்துவிட்டும் ஒளிரவில்லையென்றால் வானம் முழுவதையும் மறுபடி அடிப்பதுதான் மிச்சம், நிலாவுக்குப் பக்கத்தில் 5, மூலையில் 2 என்று.

வெளிச்சம் பற்றி ஒரு கதை. 1880இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆர்க்கிப் குயின்ஜி என்ற ஓவியர் தினீப்பர் நதியில் நிலா காயும் ஒரே ஒரு படத்தை வைத்துக் காட்சி நடத்தினார். அறையை இருட்டாக்கி, படத்தின் மேல் மட்டும் விளக்கு விழும்படி வைத்தார். வந்தவர்கள் படத்துக்குப் பின்னால் விளக்கு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள். படத்தில் பெரும்பகுதி இருட்டுதான். உங்கள் படத்தையும் ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே மாட்டாமல் வேறு இடத்தில் மாட்டிப் பாருங்கள், அதற்கும் காசு கிடையாது.

## "நிலாவைச் சுற்றி வளையம் வளையமா இருக்கு"

கேரம்போர்டு நடுவட்டம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக நாலு வளையம். ஒளியைக் காட்ட நினைத்துச் செய்தது. முதல் வளையம் காய்ந்த பிறகு அடுத்ததை வைத்ததால் கோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஈரம் இருக்கும்போதே அகலமான, சுத்தமான, பாதி உலர்ந்த பிரஷ்ஷால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துவிட வேண்டும், நிலாவைச் சுற்றிச் சுற்றி இழுத்தால் வளையம் போகாது. அக்ரிலிக் சீக்கிரம் காய்கிறது என்றால் வானத்தில் முதலில் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

நிஜமாகவே நிலா கோட்டை கட்டின ராத்திரியைத்தான் வரைந்தேன் என்று ஒருவர் வாதாடினார். "அகல் வட்டம் பகல் மழை" என்று சொல்வார்களே, அந்த வட்டம். சரி, வரையலாம். ஆனால் அந்தப் பெரிய வட்டம் நிலாவிலிருந்து 22 டிகிரி தள்ளி இருக்கும், கையை நீட்டி விரல்களை அகல விரித்தால் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் இருக்கிற தூரம். ஏ3 தாளில் முழுசாக அடங்காது. நிலாவை ஒட்டினாற்போல் நாலு வளையம் போட்டால் அது அகல் வட்டம் இல்லை, பல்பு.

## "தண்ணியில வெளிச்சம் ரோடு போட்ட மாதிரி இருக்கு"

ஸ்கேலை நிலாவின் நடுவில் வைத்து நேர் கீழே ஒரு கோடு. தண்ணீரில் உங்கள் ஒளிப்பாதை அந்தக் கோட்டின் மேல் இருக்கிறதா? அழகுக்காகச் சாய்த்து மூலைக்குக் கொண்டுபோயிருந்தால் அதுதான் கோளாறு. நிலா வெளிச்சம் தண்ணீரில் எப்போதும் பார்க்கிறவரை நோக்கியே வரும், கரையில் நீங்கள் நடந்தால் கூடவே நடக்கும். படத்தில் அது நிலாவுக்குச் செங்குத்தாகக் கீழே.

இடம் சரியாக இருந்தும் ரோடு மாதிரி என்றால், இரண்டு பக்கமும் கோடு போட்டு நடுவில் நிரப்பியிருப்பீர்கள். வானத்து நீலத்தால் அதைக் குறுக்கே குறுக்கே வெட்டுங்கள். தூரத்தில் நெருக்கமான மெல்லிய கீற்றுகள், கிட்டே வர வர நீளமும் இடைவெளியும் கூடும், ஓரங்களில் சிதறிப் போகும். காற்றில்லாத தண்ணீரில் பாதை ஒடுக்கம், அலை இருந்தால் அகலம். வாட்டர் கலரில் இடம் விடாமல் அடித்துவிட்டவர்கள், தாள் 300 ஜிஎஸ்எம் கனமாகவும் எலும்பு மாதிரி காய்ந்தும் இருந்தால், பிளேடு நுனியால் கிடைமட்டமாகச் சுரண்டி மின்னல்களை எடுக்கலாம். மெல்லிய கார்ட்ரிட்ஜ் தாளில் முயற்சி செய்தால் தாளுக்கு அடியில் இருக்கிற மேஜை மின்னும்.

கண்மாய் கண்ணாடி மாதிரி அசையாமல் இருக்கிறதா? அப்படியானால் பாதையே கிடையாது, முழு நிலா ஒன்று தண்ணீருக்குள் தெரியும், தண்ணீரின் தூரத்து விளிம்புக்கு மேலே எவ்வளவு உயரமோ ஏறக்குறைய அவ்வளவு கீழே. அந்த இடத்தில் எதிர்க்கரைப் பனையின் பிம்பம் விழுந்தால் பனைதான் தெரியும், நிலா மறையும். தண்ணீர் நிலா, வான நிலாவைவிட ஒன்றிரண்டு படி மங்கலாக இருக்கட்டும்.

## "வீட்டு முகத்துல வெளிச்சம் விழுது, ஆனா ஏதோ பொய்யா இருக்கு"

நிலா வீட்டுக்குப் பின்னால் வானத்தில் இருக்கிறது. வீட்டின் முன்சுவரில், அதாவது நம் பக்கம், பளிச்சென்று வெளிச்சம். எங்கிருந்து வந்தது? இதைத் தப்பு என்று சொல்வதைவிட இப்படிக் கேட்டால் வரைந்தவரே சிரித்துவிடுவார்.

படத்துக்குள் நிலா இருந்தால் எல்லாப் பொருளும் நமக்கு முதுகைக் காட்டி நிற்பது போலத்தான். முகம் 2 அல்லது 3. கூரை முகட்டில், பனையோலையின் மேல் விளிம்பில், சுவரின் ஓரத்தில் மட்டும் ஒரு நூல் வெளிச்சம். நிழல்கள் நம்மை நோக்கி விழும். நிலாவுக்கு நேர் கீழே தொடுவானத்தில் ஒரு புள்ளி வையுங்கள், அங்கிருந்து பனையின் அடிக்கு ஒரு கோடு இழுத்து நீட்டுங்கள், அந்த நீட்சிதான் நிழல் போகிற வழி. எல்லா மரத்துக்கும் அதே புள்ளி. பகல் படத்தைப் பார்த்துக் காப்பியடித்தவர்களுக்கு எல்லா நிழலும் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடக்கும்.

திருத்த இரண்டு வழி. ஒன்று, முன்சுவரை இருட்டாக்குவது. மனசு வரவில்லை, சுவரில் நிலவு விழுகிற அழகுக்காகத்தான் வரைந்தேன் என்கிறீர்களா? அப்படியானால் நிலாவை எடுத்துவிடுங்கள். ஆமாம், அதன் மேல் வானத்தை அடித்துவிடுங்கள். நிலா நமக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருக்கிறது என்று ஆகிவிடும், சுவர் வெளிச்சம் நியாயமாகிவிடும். இதைச் சொன்னால் முதலில் எல்லோரும் அடிக்க வருகிறார்கள், செய்து பார்த்த பிறகு பலரும் திரும்ப நிலாவை வைப்பதில்லை.

## "ஜன்னல்ல விளக்கு போட்டேன், நிலா செத்துப்போச்சு"

ஜன்னலில் சுத்த மஞ்சளையும் வெள்ளையையும் வைத்திருப்பீர்கள், 9, 10. அதை 6க்கு இறக்கி ஆரஞ்சுப் பக்கம் தள்ளுங்கள். நிலா வெளுப்பால் ஜெயிக்கட்டும், விளக்கு சூட்டால் ஜெயிக்கட்டும். அட்கின்சன் கிரிம்ஷா வரைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துத் தெருக்களைத் தேடிப் பாருங்கள், ஈரச் சாலை, கடை ஜன்னல் வெளிச்சம், மேலே நிலா, ஒன்றின் பங்கில் ஒன்று கைவைக்காது.

## "சுண்ணாம்பு அடிச்ச மாதிரி", "சேறு மாதிரி"

இரண்டும் வேறு வேறு. வெளிறிப்போய்ச் சுண்ணாம்பாக இருந்தால், நீலத்தை வெளுப்பாக்க வெள்ளையை மட்டும் கொட்டியிருக்கிறீர்கள், அதில் ஒரு துளி அம்பரோ ஆக்கரோ சேர்த்துப் பாருங்கள். சேறாக இருந்தால் முதலில் உங்கள் தண்ணீர்க் கிண்ணத்தைப் பாருங்கள், சிரிக்காதீர்கள், பாதிச் சேறு அங்கிருந்துதான் வருகிறது. அது சுத்தம் என்றால் பாதி காய்ந்த இடத்தில் மறுபடி மறுபடி தேய்த்திருப்பீர்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு கலவையில் மூன்று ட்யூபுக்கு மேல் போயிருக்கும். காய்ந்த சேற்றைக் காப்பாற்ற முடியாது, அக்ரிலிக்காக இருந்தால் அந்த இடத்தில் ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சை அடித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவது உத்தமம்.

## சில்லறைக் கோளாறுகள்

நட்சத்திரம்: டூத்பிரஷ்ஷால் தெறித்தது முழு நிலா வானத்தில் நிறைய இருக்காது, நிலா வெளிச்சம் பாதியை முழுங்கிவிடும். நிலாவுக்குப் பக்கத்தில் இருப்பவற்றை அழியுங்கள். பிறை வரைந்து அதன் இருட்டுப் பக்கத்துக்குள் நட்சத்திரம் வைத்தவர்கள் அதை உடனே எடுத்துவிடுங்கள், அங்கே நிலா இருக்கிறது.

பிறையின் ஒளிப்பக்கம் சூரியன் இருக்கிற திசையைப் பார்க்கும். சாயங்காலம் மேற்கே தெரிகிற வளர்பிறையில் வெளிச்சம் கீழ்ப்பக்கம், கொம்புகள் மேலே. நம் ஊரில் சில மாதங்களில் படகு மாதிரியே கிடக்கும். வெளிநாட்டு வாழ்த்து அட்டையைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிற பிறையை வரைந்துவிட்டுக் கீழே கண்மாயும் பனையும் வைத்தால், பார்க்கிறவர்களுக்கு ஏதோ உறுத்தும், என்னவென்று சொல்லத் தெரியாது.

## "தப்பு ஒண்ணும் இல்லை, ஆனா நல்லா இல்லை"

கஷ்டமான கேஸ். மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லையென்றால் இரண்டு எல் வடிவ அட்டைகளை வெட்டிப் படத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே ஒரு சின்ன நல்ல படம் ஒளிந்திருக்கும். நிலா நட்டநடுவில், வீடு இடது ஓரம், மரம் வலது ஓரம், படகு நடுவில் என்று நாற்காலி போட்டு உட்காரவைத்தது போல இருந்தால், ஒன்றை எடுத்துவிடுங்கள். எடுக்க முதலில் தோன்றுவது பெரும்பாலும் படகு. படகை எடுத்ததால் கெட்டுப்போன படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

## எப்போது இன்னொருவரிடம் கொண்டுபோவது

ஒரே அறிகுறி மூன்று படங்களில் தொடர்ந்து வந்தால் அதற்கு மேல் தனியாகப் போராட வேண்டாம். வரையத் தெரிந்த ஒருவரிடம் மூன்றையும் ஒன்றாகக் கொண்டுபோங்கள், ஒன்றை மட்டும் காட்டினால் அந்தப் படத்தைத் திருத்துவார், மூன்றைக் காட்டினால் உங்கள் கையைத் திருத்துவார். "எப்படி இருக்கு" என்று கேட்காதீர்கள். "முதலில் கண் எங்கே போகுது, அடுத்து எங்கே போகுது, எங்கே மாட்டிக்குது" என்று கேளுங்கள். இதற்குப் படம் வரையத் தெரியாத உங்கள் அம்மாகூடப் பதில் சொல்லலாம். பதில் சொல்பவர் பிரஷ்ஷை வாங்கி உங்கள் தாளிலேயே அடித்துக் காட்ட வந்தால் மரியாதையாகத் தடுத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டுங்கள்.

காட்டுவதற்கு ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். விஸ்லர் என்ற ஓவியர் வரைந்த ஒரு லண்டன் இரவுக் காட்சியை, பெயிண்ட் டப்பாவை மக்கள் முகத்தில் வீசுகிற வேலை என்று பெரிய கலை விமர்சகரான ரஸ்கின் 1877இல் எழுதப் போய், வழக்காகி, அடுத்த வருஷம் விஸ்லர் ஜெயித்தார். கிடைத்த நஷ்டஈடு ஒரு ஃபார்திங், நம் கணக்கில் காலணா என்று வைத்துக்கொள்ளலாம். வழக்குச் செலவு அவரைத் திவாலாக்கியது. படத்தில் எந்த இடம் இருட்டு போதவில்லை என்று சொல்லாத கருத்து எவ்வளவு பெரிய ஆளிடமிருந்து வந்தாலும் அதை வைத்துப் படத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

நீங்கள் பச்சை என்று போட்டதை மற்றவர்கள் எல்லோரும் பழுப்பு என்கிறார்கள், இது அடிக்கடி நடக்கிறது என்றால், ஓவியரிடம் போகாதீர்கள், கண் மருத்துவரிடம் போய் நிறப் பார்வைச் சோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். பெண்களைவிட ஆண்களுக்கு இது அதிகமாக வரும். இருந்தாலும் கவலை இல்லை, ட்யூபில் பெயர் ஒட்டி வைத்துக்கொண்டு வரையலாம், நிலாக் காட்சியில் நிறத்துக்கு வேலை குறைவுதான்.

வீட்டில் இருக்கிற பழைய ஆயில் பெயிண்டிங் நிலாக் காட்சி கறுத்துப்போய்விட்டது அல்லது விரிசல் விட்டிருக்கிறது என்று சிலர் தூக்கி வருகிறார்கள். அதில் நானும் கைவைப்பதில்லை. உருளைக்கிழங்கு வெட்டித் தேய்ப்பது, சோப்புத் தண்ணீர், எண்ணெய் என்று யார் எதைச் சொன்னாலும் செய்யாதீர்கள், மேலே அக்ரிலிக் அடித்தும் திருத்தாதீர்கள், அது ஒட்டாமல் உரிந்து வரும்போது அடியில் இருப்பதையும் கொண்டுவரும். பழைய படங்களைப் பாதுகாக்கிற வேலை தெரிந்த நிபுணர் வருகிற வரைக்கும் மெல்லிய பருத்தித் துணியால் மூடி, ஈரச் சுவரில் சாய்க்காமல், நிமிர்த்தி வையுங்கள்.